முன்னால் புது டயர்

2008 செப்டம்பர் 14

பென்ஸ் 1,86,420 கிலோமீட்டர். பின் டயர் இரண்டும் மொட்டை. முன் டயர்களில் ரப்பர் பட்டன் பாதி மிச்சம் இருக்கிறது. மழைக்காலத்துக்குள் மாற்றியாக வேண்டும்.

லாரி ஓட்டிய காலத்தில் டிரிப் ஷீட் எழுதிப் பழகிய கை இது. ஸ்டீரிங்கை விட்டு, நாலு மீன் லாரிக்கு முதலாளியாகி ஆறு வருஷம் ஆகிறது. இன்னமும் நாலு வரி எழுதாமல் படுத்தால் எதையோ மறந்த மாதிரி இருக்கிறது.

இன்று எழுத விஷயம் உண்டு. காலையில் தேங்காய்த்திட்டு மீன் ஏலத்தில் வியாபாரி கலியபெருமாளின் மூக்கை உடைத்தேன். நான் காரை விட்டு இறங்கினேன். அவன் பத்துப் பேர் நடுவில் நின்றுகொண்டு, "பாருங்கடா, கிளீனரா இருந்த உத்திராபதி பென்ஸுல வந்து எறங்குறான். டாக்டரு வண்டி, மீன் நாத்தம் புடிச்சிக்கப் போவுது" என்றான். பத்துப் பேரும் சிரித்தார்கள். பிடரியைப் பிடித்து முகத்தை ஐஸ் பெட்டிக்குள் அமுக்கினேன். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை ஐஸ் சிவந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து இழுத்ததால் விட்டேன். அதற்குப் பிறகு ஒருத்தனும் சிரிக்கவில்லை.

டாக்டர் வண்டிதான். பிரான்சுக்குக் குடிபோன டாக்டரிடம் இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கினேன். பதினாலு வருஷத்து வண்டி. எனக்காக வாங்கவில்லை. என் மகள் சுவேதா தினமும் அதில்தான் காலாப்பட்டு யுனிவர்சிட்டிக்குப் போகிறாள். அவளே ஓட்டுகிறாள். மீன் லாரிக்காரன் மகள் பென்ஸ் ஓட்டுவதைத் தெரு பார்க்க வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

செப்டம்பர் 17

சுவேதா பிரவுசிங் சென்டருக்குப் போய் நாலு தாள் அச்சடித்துக்கொண்டு வந்தாள். இந்த வண்டி சைசுக்கு என்னென்ன டயர் வருகிறது, எது மழையில் பிடிக்கிறது, எது சத்தம் போடுகிறது, எல்லாம் ஆங்கிலத்தில்.

"நான் டெய்லி ஓட்றேன்பா. எனக்கு வேகம் வேணாம், பார்க்க கெத்தா இருக்க வேணாம். ஈரத்துல பிரேக் புடிச்சா நிக்கணும். அவ்ளோதான்" என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டினவனுக்கு டயர் பாடம். அதுவும் பிரவுசிங் சென்டரில் படித்துவிட்டு வந்து. தாளைப் பிடுங்கிக் கிழித்தேன். என் பெண்டாட்டி பூவாயி சமையல்கட்டிலிருந்து, "புள்ள நல்லதுக்குதான சொல்லுது" என்று ஆரம்பித்தாள். யார் கேட்டது அவளை? ஒரு அறை விட்டேன். கையில் தம்ளர் இருந்திருக்கிறது, அது உதட்டில் பட்டுக் கிழிந்தது. அது என் தப்பா? பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று தையல்.

செப்டம்பர் 18

கிழித்த தாளைச் சுவேதா பொறுக்கி ஒட்டி வைத்திருக்கிறாள். அவள் போன பிறகு எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். கெட்டி ரப்பர் நாள்பட உழைக்குமாம், ஈரத்தில் பிடிக்காதாம். மெத்தென்ற ரப்பர் பிடிக்குமாம், சீக்கிரம் தேயுமாம். இது எனக்குத் தெரியாததா? லாரிக்கு உழைப்புதான் பார்ப்போம். காருக்கு? யோசிக்க வேண்டியதுதான். அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 5

ஆயுத பூஜைக்கு முன்னால் டயர் மாற்றியாகிவிட்டது. சந்தோஷமாக எழுத வேண்டிய நாள். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பலராமன் கடை. என் லாரிகளுக்கு ஆறு வருஷமாக அவனிடம்தான் டயர். சுவேதா ஓட்டி வந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். பலராமன் நாலு வகை எடுத்துப் போட்டான். நான் நகத்தால் அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே கெட்டியானதைக் காட்டினேன்.

"அது டாக்சிக்காரங்க வாங்குறதுண்ணே. லேசுல தேயாது, ஆனா தண்ணியில புடிக்காது. பாப்பா தெனம் ஈசிஆர்ல போவுது. இத போடுங்க" என்று, குறுக்குக் கோடு நிறைய வெட்டிய இன்னொன்றை உருட்டிவிட்டான் பலராமன். சுவேதாவின் தாளில் முதலாவதாக இருந்த அதே டயர். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சரி என்றேன். மகள் ஆசைப்பட்டதை வாங்கித் தராதவன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

இரண்டு போதும் என்றேன். பாதி பட்டன் இருக்கும் டயரைத் தூக்கி எறிய எனக்கு மனசு வராது. புதுசு இரண்டையும் முன்னால் மாட்டு, முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளு என்று சொன்னேன்.

லாரியில் அப்படித்தான். புது டயர் எப்போதும் முன்னால். தேய்ந்தது, ரீட்ரேட் பண்ணினது எல்லாம் பின்னால். அங்கே ஒன்று போனாலும் பக்கத்தில் இன்னொன்று தாங்கும். முன்னால் வெடித்தால் ஸ்டீரிங் கையில் நிற்காது. தொண்ணூற்று ஒன்றில் உளுந்தூர்பேட்டை தாண்டி, என்கூட லாரி ஓட்டின ராஜாங்கத்துக்கு அதுதான் நடந்தது. எனக்கு முன்னால் போன லாரி. நான்தான் அவனைக் கேபினிலிருந்து பிய்த்து எடுத்தேன். பிய்த்துத்தான் எடுத்தேன், வேறு வார்த்தை இல்லை. கால் இரண்டும் உள்ளேயே கிடந்தன. என் மகள் உட்காரும் வண்டியில் முன்னால் பழைய டயர் போடுவேனா?

பலராமன் ஜாக்கியை வைத்துவிட்டுத் தயங்கினான். "புதுச பின்னாடிதாண்ணே போடணும். முன்னாடி வழுக்குனா வண்டி நேரா போவும், வேகத்த கொறச்சா கைக்கு வந்துடும். பின்னாடி வழுக்குனா வண்டியே சுத்திக்கும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க சொல்றது லாரிக்கு சரி. இது லாரி இல்லண்ணே."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு கண்ணாடிக்காரன் சிரித்துவிட்டான். இது லாரி இல்லையாம். எனக்குத் தெரியாதா? மீன்காரனுக்கு லாரிதான் தெரியும், பென்ஸ் எங்கே தெரியும், அதைத்தானே சொல்கிறான்? பலராமனை முழுக் கையால் அறைந்தேன். ஜாக்கி மேலேயே விழுந்தான். காதோரம் கிழிந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கியது. "எனக்கே வண்டி சொல்லித் தர்றியா? மாட்றா முன்னால" என்றேன்.

எழுந்தான். காதைத் துடைத்துக்கொள்ளாமல் முன்னால் மாட்டினான். கண்ணாடிக்காரன் எப்போது எழுந்து போனான் என்று தெரியவில்லை.

திரும்பும்போது சுவேதாதான் ஓட்டினாள். "நீ கேட்ட டயருதான, சந்தோஷமா?" என்று கேட்டேன். "ம்" என்றாள்.

அக்டோபர் 8

ஆயுத பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து சுவேதாதான் வண்டியை ஏற்றினாள். பூசணிக்காயை நான் உடைத்தேன். தெருவில் எல்லாரும் வந்து பொரி வாங்கிப் போனார்கள்.

அக்டோபர் 19

பூவாயி பெரிய மார்க்கெட்டில் பலராமன் பெண்டாட்டி சந்திரகலாவைப் பார்த்திருக்கிறாள். சந்திரகலா பூக்கடை முன்னால் நின்று, "உன் வூட்டுக்காரரு கை வெளங்காமப் போவும்" என்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். பூவாயி இதை என்னிடம் சொல்லவில்லை. மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் ஒருத்தி வந்து சொன்னாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பூவாயி வாசற்படியில் குறுக்கே நின்றாள். "அந்தப் பொம்பளய அடிச்சிட்டு வந்தா நான் கடல்ல போயி விழுவேன்" என்றாள். பிடித்துத் தள்ளினதில் சுவரில் போய் மோதினாள். ஆனால் நான் போகவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். போகவில்லை.

நவம்பர் 7

மழை பிடித்துவிட்டது. லாரிகள் கடலூர் ரோட்டில் நிற்கின்றன.

நவம்பர் 12

பென்ஸ் மூன்று நாளாக வாசலில் நனைகிறது. சுவேதா பஸ்ஸில் போகிறாள். கேட்டால், "ரோடு மோசமா இருக்குப்பா" என்கிறாள். மோசமான ரோட்டுக்குத்தானே புது டயர்?

நவம்பர் 14

இன்றும் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். எதிர்வீட்டுக்காரன், "என்னண்ணே, பென்ஸ் காயலாங்கடைக்கா?" என்று கேட்டான். அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. குடையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தேன். கையைப் பிடித்துத் தெருவில் இழுத்துப்போய் ஸ்டீரிங் முன்னால் உட்காரவைத்தேன். கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் ஏறிவிட்டது. அதோடேயே ஓட்டிக்கொண்டு போனாள். கிளட்ச்சை விட்டது சரியில்லை, வண்டி குதித்தது.

சாயங்காலம் பத்திரமாகத்தான் வந்தாள். அப்புறம் என்ன?

நவம்பர் 26

எழுத வரவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

காலையிலிருந்து பேய் மழை. பூவாயி காலாப்பட்டில் இருக்கிற தன் தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னு சொன்னா. சுவேதா, "அம்மாவும் நானும் பஸ்ஸுலயே போயிடறோம்பா" என்றாள். நான்தான் சாவியை அவள் கையில் திணித்தேன். நான்தான்.

பதினோரு மணிக்கு போன் வந்தது. பொம்மையார்பாளையம் வளைவு. வண்டி சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய்ப் புளியமரத்தில் மோதியிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது பூவாயியைப் பின் சீட்டிலிருந்து எடுத்து ரோட்டோரம் படுக்க வைத்திருந்தார்கள். தொடை எலும்பு சேலையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. மழைத் தண்ணியோடு ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கு. அவ கத்தல. என்னப் பார்த்ததும், "புள்ள மேல தப்பு இல்லீங்க" என்றாள். முதல் வார்த்தை அதுதான். சுவேதாவுக்கு நெற்றி பிளந்து ரத்தத்தில் கண் தெரியவில்லை, தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. அந்தக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அம்மாவுக்குக் குடை பிடிக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் இருவரையும் சேர்த்த கையோடு என் லாரி ஒன்றிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் போனேன். எனக்கு ஒரே நினைப்புதான். அறைந்த கோபத்தில் மோசமான டயரைத் தலையில் கட்டிவிட்டான் என்று. பலராமன் ஒரு டயருக்குக் காற்று வைத்துக்கொண்டிருந்தான். "என் குடும்பத்தக் கொன்னுட்டியேடா" என்று ஓங்கினேன். தலைக்குத்தான் ஓங்கினேன். அவன் வலது கையைக் குறுக்கே கொடுத்தான். மணிக்கட்டு உடைந்த சத்தம் கேட்டது. முழங்கைக்கு மேல் இன்னொன்று. "டயர பாருங்கண்ணே, எங்க மாட்டிருக்குன்னு பாருங்கண்ணே" என்று கத்திக்கொண்டே இருந்தான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. சந்திரகலா ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். உதைத்துத் தள்ளிவிட்டுக் கடைக் கண்ணாடியை உடைத்தேன்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். பூவாயி ஆபரேஷனில். சுவேதா தலையில் கட்டோடு படுத்திருந்தாள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். "அந்த பலராமன் கைய ஒடிச்சிட்டேன்மா. இனிமே எவனுக்கும் மட்டமான டயர் விக்கமாட்டான்" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். "டயர் நல்ல டயருப்பா. பின்னாடிதான் வழுக்குது. மொத மழையிலயே ரெண்டு தடவ வண்டி வால சுத்திச்சு. அதான் பஸ்ஸுல போனேன். பலராமண்ணன் கடைக்கே போயி மாத்திக்கலாம்னு பார்த்தேன். உனக்குத் தெரிஞ்சா அவர மறுபடி அடிப்ப. பாதி வழியில திரும்பி வந்துட்டேன்."

"மூணு வாரமா தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"உங்கிட்டயா?" என்றாள்.

அவ்வளவுதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பூவாயிக்கு மாற்றுச் சேலை எடுக்க வீட்டுக்கு வந்தேன். எந்தச் சேலை என்று தெரியாமல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மரணத்தோடு விளையாடிக்கொண்டு இரண்டு வாரம் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறாள். அதைவிட என்னிடம் பேசுவது அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது.

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கிறது.

டிசம்பர் 16

காலாப்பட்டு ஜெயிலில் பத்தொன்பது நாள். ஜாமீனில் வந்தேன். ஜெயிலுக்குள் யுனிவர்சிட்டிக்குப் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்கும். பக்கத்துச் செல்காரன் ஒருத்தன் என்னைத் தள்ளினான். பதிலுக்கு அடித்தேன். நாலு பேர் சேர்ந்து என்னை அடித்தார்கள். இரண்டு பல் போய்விட்டது. அடி வாங்குகிறவனுக்கு நேரம் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று எனக்கு இத்தனை வயசுக்குத் தெரியாமல் போய்விட்டது.

வீடு பூட்டிக் கிடந்தது. பூவாயியும் சுவேதாவும் தங்கச்சி வீட்டில் இருக்கிறார்களாம்.

2009 ஜனவரி 22

வக்கீல் சுப்பிரமணியன் ஆபீஸ். குற்றப் பத்திரிகை வந்துவிட்டது. சாட்சிகளில் சுவேதா பெயர் இருக்கிறது. பலராமன் கையை ஒடித்ததாக நானே அவளிடம் சொன்னதை அவள் போலீசில் சொல்லிவிட்டாள். அத்தோடு நிறுத்தவில்லை. வக்கீல் வாக்குமூலத்தை வாசித்தார்.

'எனக்கு ஏழு வயது இருக்கும்போது நோட்டில் மை கொட்டியதற்காக என் தந்தை என்னை, ரிப்பேராகி நின்ற ஒரு லாரியின் பின் சக்கரத்தில் கட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம்தான் அவிழ்த்தார். என் தாய்க்கு இடது காது கேட்காது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது என் தந்தை அடித்ததில் போய்விட்டது. காய்ச்சலில் போனதாக வெளியே சொல்லிக்கொள்வோம்.'

காய்ச்சல் என்று என்னிடம் சொன்னதே பூவாயிதான். இருபது வருஷமா நானும் காய்ச்சல்னு நெனச்சிக்கிட்டு, காது கேக்கலன்னு அவளத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். சரியா பதில் சொல்லலன்னு அதுக்கும் அடிச்சிருக்கேன்.

வக்கீல் நாற்காலியைச் சட்டென்று பின்னால் தள்ளினார். ஏன் என்று பார்த்தேன். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். என் கையில் அவருடைய பேப்பர் வெயிட் இருந்தது. எப்போது எடுத்தேன்?

மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவருக்கு வேர்த்துவிட்டது.

பிப்ரவரி 8

காலாப்பட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. பூவாயி கம்பிக் கதவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டு அங்குலம் கட்டை. பக்கத்தில் வாக்கர். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டுதான் கேட்டாள். இத்தனை வருஷத்தில் இன்றுதான் அதைக் கவனித்தேன்.

சுவேதா வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம், கோயம்புத்தூர் பக்கம். உள்ளே இருந்தாள், வரவில்லை. கிளம்பும்போது பூவாயி, "ஊர்ப் பஞ்சாயத்துல ஆளு வுட்டு அவளச் சொன்னத மாத்தச் சொல்லப்போறாங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்களா சொன்னீங்க?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் சொல்லவில்லை. ஆனால் அப்படிச் செய்யலாம் என்று என் மச்சான் சொன்னபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளிடம் அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 24

நாளைக்கு வாய்தா. சுப்பிரமணியன் கூப்பிட்டுவிட்டிருந்தார். பலராமனின் வலது கை இனி டயர் தூக்காதாம், டாக்டர் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார். அதனால் கேஸ் கெட்டி, உடைக்க ஒரே வழிதான் என்றார். "பொண்ணு தலையில அடிபட்டு மயக்கத்துல இருந்துச்சு, அப்போ ஒளறுனது எல்லாம் பொய்ன்னு அடிச்சிடலாம். கூண்டுல ஏத்தி ரெண்டு மணி நேரம் நான் கேக்குற கேள்வியில தானா அழுதுடும். நீங்க எதிர்ல நின்னாலே போதும், பாதி பயத்துல மாத்திடும்" என்றார்.

எனக்குக் கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"அவ சொன்னது எல்லாம் நெசம் சார்" என்றேன். "நான் ஒத்துக்கறேன்னு எழுதிக் குடுங்க. பலராமன அடிச்சது, மத்ததும். எல்லாம்."

"ஒத்துக்கிட்டா உள்ள போவீங்க. மூணு வருஷம், மேலயும் ஆவலாம்" என்றார் சுப்பிரமணியன்.

அப்போது சுவேதா கூண்டில் ஏற வேண்டியிருக்காதே என்று கேட்டேன்.

"இருக்காது. யாரும் உங்கள எதிர்ல பார்க்கவே வேண்டியதில்ல" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.